ஒரு ஆள் நிக்கவேணும்

தவநாயகி மச்சாள் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. கோலியர்ஸ் வுட்டில் அவர்கள் வீட்டு மேல்மாடி அறையில் மூன்றரை வருடம் இருந்தவன் சொல்கிறேன். குசினியில் நாலு கதிரை. ஒன்றில் சிவானந்தன் அண்ணை, ஒன்றில் நான், ஒன்றில் பழைய பத்திரிகைக் கட்டு, நாலாவதில் மச்சாளின் கைப்பை. அவர் சிங்குக்குப் பக்கத்தில் சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்று சாப்பிடுவார். பாதிச் சாப்பாட்டில் ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானம் ஒன்று வீட்டுக்கு மேலால் போகும். உடனே கோப்பையோடு போய்ப் பின்கதவைத் திறந்து, அது மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் வருவார். வெளிக்குளிர் உள்ளே வந்து எங்கள் சோற்றை ஆறவைத்துவிடும்.

"அதிலை ஹொலிடே போன சனம் திரும்பி வருது, நாயகி. குண்டு போடமாட்டாங்கள்," என்பார் அண்ணை.

"தெரியும். கதவைச் சாத்துறன்தானே."

சிவானந்தன் என் பெரியப்பாவின் மகன். எழுபத்தேழில் எக்கவுண்டன்ஸி படிக்க லண்டன் வந்து, படிப்பு ஒரு பக்கம் கிடக்க, ஸ்ட்ரெதமில் இருபத்துநாலு மணிநேரமும் திறந்திருக்கும் ஒரு பெற்றோல் ஷெட்டின் மனேஜராகிவிட்டவர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்திறங்கிய என்னை அங்கே காசாளராக்கியதும் அவர்தான். அவருடைய மனைவி தவநாயகி பேராதனையில் புள்ளிவிபரவியல் படித்துப் பட்டம் எடுத்தவர். அந்தப் பட்டத்துக்கு லண்டன் கொடுத்த வேலை தட்டச்சு.

விக்டோரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் மச்சாள் வேலை செய்த கந்தோர் இருந்தது. மிஸ்டர் பென்ஃபோல்ட் என்ற வெள்ளைக்காரர் இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு சின்ன நாடுகளின் விமானப்படைகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைத்தார். அவர்கள் கணக்குப் போடுவார்கள், மச்சாள் அதைத் தட்டச்சு செய்வார். கணக்கில் பிழை இருந்தால் பென்சிலால் மெல்லிய புள்ளி ஒன்று வைத்துக் கொடுப்பார். அவர்கள் திருத்திக்கொள்வார்கள். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட யாரும் நன்றி சொன்னதில்லை என்று அண்ணைதான் கோபப்படுவார், மச்சாள் அல்ல.

எண்பத்தாறு மார்கழியில் ஒரு தீவு நாட்டின் வேலை வந்தது. எதிரி விமானம் தாழப் பறந்து வந்தால் நிலத்தில் இருக்கும் ராடருக்குக் கடைசி நேரம்வரை தெரியாது. ஆகவே ராடரையே ஒரு விமானத்தில் ஏற்றி மேலே நிறுத்தி வைப்பார்கள். அப்படி முன்கூட்டி எச்சரிக்கும் விமானங்களில் எதை வாங்குவது, எத்தனை வாங்குவது என்பதுதான் கேள்வி.

"எங்கட நாட்டுக்கோ, மச்சாள்?" என்று நான் கேட்டேன்.

"விசரே உனக்கு? அப்பிடியெண்டால் அடுத்தநாளே வேலையை விட்டிருப்பன். இது எங்கேயோ கிடக்கிற சின்னத் தீவு. பேர் சொல்ல ஏலாது, கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறன்."

குசினி மேசையில் பால் பெட்டியையும் உப்புப் போத்தலையும் வைத்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். பால் பெட்டி பெரிய விமானம். முதுகில் ஒரு பெரிய தட்டு சுற்றிக்கொண்டிருக்கும், வெகுதூரம் பார்க்கும். அந்த நாட்டின் காசுக்கு மூன்றுதான் வாங்கலாம். ஒன்றுக்கு ஐந்து பேர் ஏறவேண்டும். உப்புப் போத்தல் சின்ன விமானம். அவ்வளவு தூரம் தெரியாது, ஆனால் அதே காசுக்கு ஐந்து வாங்கலாம், மூன்று பேர் போதும். மிஸ்டர் பென்ஃபோல்டுக்குப் பால் பெட்டியில்தான் கண். மூன்று விமானம், ஐந்து குழு இருந்தால் எந்த நேரமும் ஒன்று வானத்தில் நிற்கும் என்று அறிக்கை எழுதிவிட்டார்.

எந்த நேரமும் என்ற அந்தச் சொல்தான் மச்சாளை இருக்கவிடாமல் செய்தது. காரணம் அவருடைய அம்மா.

அருமைநாயகி மாமிக்கு அறுபத்தேழு வயது. விதவை, மச்சாள் ஒரே பிள்ளை. ஊரில் தனியே இருந்தார். அவரைக் கூப்பிடுவதற்கு விசா விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம். ஒருவழியாக ஏப்ரல் முதல் கிழமை கொழும்பில் நேர்முகம் என்று கடிதம் வந்தது. மகள் நிரந்தர வேலையில் இருக்கிறார், தாயைப் பராமரிக்க வசதி உண்டு என்பதற்கு முதலாளியின் புதுக் கடிதம் வேண்டும். மச்சாள் அதைத் தானே தட்டச்சு செய்து மிஸ்டர் பென்ஃபோல்டின் மேசையில் வைத்திருந்தார். அறிக்கை வேலை முடியட்டும், கையெழுத்து வைக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

தை மாதக் கடைசியில் மாமியின் நீலக் கடிதம் வந்தது. மச்சாள் அதைச் சிங்கடியில் நின்று சத்தமாக வாசித்தார். பொம்மர் விமானம் வந்து இரண்டு வளவு தள்ளிக் கிணற்றடியில் குண்டு போட்டுவிட்டுப் போனதாம். "சத்தம் எங்களுக்குக் கேக்கிறதுக்கு முதலே எங்கட நாய்க்குக் கேக்குது. அது கட்டிலுக்குக் கீழை போனா நான் பங்கருக்குள்ளை போறன். யோசியாதை பிள்ளை" என்று எழுதியிருந்தார்.

அண்ணை சிரித்தார். "பாத்தீரே, மாமியிட்டை ராடர் இருக்கு."

மச்சாள் சிரிக்கவில்லை. "நாய்க்கும் நித்திரை வரும்தானே," என்றார். கடிதத்தை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். அன்றைக்கு நாலு விமானத்துக்குப் பின்கதவு திறந்தது.

இந்த நேரத்தில்தான் அந்தத் தீவு நாட்டிலிருந்து ஆட்களின் பட்டியல் வந்தது. விமானத்தில் ஏறப்போகும் இருபத்தைந்து பேர். பெயர், பதவி, பிறந்த ஊர், மனைவியின் பெயர், அவசரத்துக்கு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. மிஸ்டர் பென்ஃபோல்ட் பார்த்தது பதவியை மட்டும். மச்சாள் கலியாணம் பேச வந்த இடத்தை விசாரிப்பதுபோல மிச்சம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"இருபத்தைஞ்சு பேரிலை ஒன்பது பேர் ஒரே குடும்பம் தம்பி. அண்ணன் தம்பி, சித்தப்பா மகன், மச்சான். ரெண்டு பேர் ஒரே வீட்டிலை பொம்பிளை எடுத்திருக்கிறாங்கள்."

"அதை ஏன் மச்சாள் நீங்கள் பாக்கிறியள்?"

"பாக்கேல்லை. கண்ணிலை பட்டது."

அந்த ஒன்பது பேரையும் மிஸ்டர் பென்ஃபோல்ட் பதவிப்படி ஐந்து குழுவுக்கும் பங்கிட்டிருந்தார். ஒவ்வொரு குழுவிலும் அந்தக் குடும்பத்தில் ஒருவராவது இருந்தார். அதில் என்ன பிழை என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை, மச்சாளுக்கும் சரியாக விளங்கவில்லை. ஏதோ உறுத்துகிறது என்று மட்டும் சொன்னார்.

விளங்கவைத்தவர் மகாலிங்கம் மாஸ்டர். எங்கள் ஊரில் படிப்பித்துவிட்டு வெம்பிளியில் மகளோடு இருந்தவர், மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலமானார். வியாழக்கிழமை செத்தவீடு.

எங்கள் பெற்றோல் ஷெட்டில் ஏழு காசாளர். கல்லாவில் எந்த நேரமும் ஒருவர் இருக்க ஐந்து பேர் போதும், நான் ஏழு பேர் வைத்திருக்கிறேன் என்று அண்ணை பெருமையடிப்பார். ஏழு பேரும் எங்கள் ஊர். ஐந்து பேர் மாஸ்டருக்குச் சொந்தம், மற்ற இரண்டு பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். அண்ணை அவருடைய தங்கச்சி மகன். காலையிலேயே வேட்டியோடு வெம்பிளியில் நின்றார்.

வியாழன் காலை ஷிப்ட் என்னுடையது. புதன்கிழமையே நான் மணியத்திடம் கேட்டேன், "நாளைக்குப் பத்து மணிக்கு வந்து என்னை விடுவியோ? செத்தவீட்டுக்குப் போகவேணும்." மணியம் "ஓம், அதுக்கென்ன" என்றான். செத்தவீட்டுக்குப் போக நிற்கிறவனிடம் ஏலாது என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் நாக்கு வராது. எனக்கு ஓம் சொன்ன கையோடு மணியம் தனக்குப் பதிலாக நிற்கச்சொல்லிப் பரமேஸ்வரனைக் கேட்டான். அவனும் ஓம் என்றான். பரமேஸ்வரன் சவிரிமுத்துவைக் கேட்டான். இப்படியே போய் ஏழாவது ஆள் கேட்டது என்னை. ஷிப்ட் முடிகிற அவசரத்தில் நானும் ஓம் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது நினைவிலேயே இல்லை. அண்ணையின் அட்டவணையில் ஒரு பெட்டிகூட வெறுமையாக இருக்கவில்லை.

பத்து மணி ஆயிற்று, மணியத்தைக் காணோம். பத்தேகால் ஆயிற்று. பன்னிரண்டுக்குப் பூதவுடலை எடுத்துவிடுவார்கள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மணியம் வழியில்தானே வந்துகொண்டிருப்பான் என்று நினைத்து, 'ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவோம்' என்ற அட்டையைக் கதவில் கொழுவிப் பூட்டிவிட்டு ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன்.

வெம்பிளி வீட்டு வாசலில் நான் கண்ட முதல் முகம் மணியம். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. உள்ளே மற்ற ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அண்ணையிடம் போய் விஷயத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பூதவுடலோடு சுடலைக்கும் போய், எல்லாம் முடிந்து வந்துதான் சொன்னேன். மாலை மூன்றரை வரைக்கும் அந்த அட்டை அங்கே தொங்கியது. முதலாளி பன்னிரண்டு மணிக்கே வந்து பார்த்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை அவர் எங்களை நிறுத்தி வைத்து, அட்டையைக் கொழுவியது யார் என்று கேட்டார்.

"மனேஜர் நான்தான்," என்றார் அண்ணை.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை. அண்ணைக்கு வேலை போயிற்று, எனக்கு இருந்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று பின்னேரம் அண்ணை குசினியில் தலையில் கை வைத்தபடி இருந்தார். மச்சாள் திட்டுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ பென்சிலை எடுத்து மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்.

"ஏழு பேருமோ? ஒருத்தர் விடாமல்?"

"ஓம்."

"ஒரு ஆள் பத்து நாளிலை ஒரு நாள் வராமல் விடுவார் எண்டு வைப்பம். ஏழு பேரும் ஒரே நாள் வராமல் விட, மிஸ்டர் பென்ஃபோல்ட் போடுற மாதிரிப் போட்டால், கோடியிலை ஒண்டு." பென்சிலால் அந்தப் பூச்சியங்களைக் குத்தினார். "கோடியிலை ஒண்டு, நேற்று நடந்திருக்கு."

அண்ணைக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எனக்கு வேலை போயிட்டுது, நீர் கணக்குப் போடுறீர்! இனி உம்மடை சம்பளத்திலைதான் வீடு ஓடவேணும், தெரியுமே? மாமியின்ரை விசாவும் அதிலைதான் நிக்குது."

"தெரியும்," என்றார் மச்சாள். தெரிந்துதான் திங்கட்கிழமை மிஸ்டர் பென்ஃபோல்டின் அறைக்குப் போனார். ஐந்து குழுவும் தனித்தனியாக நோய்வாய்ப்படும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், இவர்கள் சொந்தக்காரர், ஒரு செத்தவீடு வந்தால் எல்லாரும் ஒரே நாளில் போவார்கள், ஐந்து குழுவும் உடையும் என்று சொன்னார். அவர் சிரித்தாராம். செத்தவீட்டுக்கெல்லாம் கணக்கில் இடமில்லை தாவா, தந்ததை அடித்துக் கொடுத்தால் போதும் என்றாராம். தவா என்று சொல்ல ஆறு வருடமாகியும் அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. பிறகு மேசையில் கிடந்த மாமியின் விசாக் கடிதத்தை விரலால் தட்டி, புதன்கிழமை அந்த நாட்டு அதிகாரிகளோடு கூட்டம் இருக்கிறது, அது நல்லபடியாக முடியட்டும், இதையும் பார்க்கலாம் என்றாராம்.

திங்கள் இரவு அவர் சாப்பிடவேயில்லை. செவ்வாய்க்கிழமை குசினி அலுமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து, திரும்ப அடுக்கி, அடுக்கியது சரியில்லை என்று மறுபடியும் இறக்கினார். "நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அம்மா வருவா," என்று அலுமாரியைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இறக்கிய போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை நடந்ததை மச்சாள் எனக்கு ஆறேழு தடவை சொல்லியிருக்கிறார், எல்லாத் தடவையும் நின்றபடி. தீவு நாட்டிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்திருந்தார்கள். மூத்தவர் ஒரு விங் கமாண்டர், நரைத்த மீசைக்காரர். மிஸ்டர் பென்ஃபோல்ட் பேசுவார். மச்சாளுடைய வேலை ப்ரொஜெக்டரில் பிளாஸ்டிக் தாள்களை மாற்றுவது. 'மூன்று விமானம், ஐந்து குழு' என்ற தாள் சுவரில் விழுந்தது.

"அப்படியென்றால் மேலே ஒன்றுமே இல்லாத நேரம் வராது?" என்று விங் கமாண்டர் கேட்டார்.

"வராது. லட்சத்தில் ஒரு தடவை," என்றார் மிஸ்டர் பென்ஃபோல்ட். "அடுத்தது, தாவா."

மச்சாளின் கை அடுத்த தாளில் இருந்தது. எடுக்கவில்லை. நாய் நித்திரை கொள்கிறது என்று அந்த நேரத்தில் நினைத்தாராம். இதை மட்டும் என்னிடம்தான் சொன்னார், அண்ணையிடம் சொல்லவில்லை.

"மன்னிக்க வேண்டும். போன வியாழக்கிழமை நடந்தது," என்றார்.

"என்ன நடந்தது?"

"ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் ஷெட். ஏழு காசாளர், எல்லாரும் ஒரே ஊர். ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்தார். ஐந்தேகால் மணிநேரம் கல்லாவில் ஒருவரும் இல்லை. அட்டவணையில் எல்லாப் பெட்டியிலும் பெயர் இருந்தது."

மிஸ்டர் பென்ஃபோல்டின் காது சிவந்துவிட்டது. இளைய அதிகாரிகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். விங் கமாண்டர் சிரிக்கவில்லை. பட்டியலை எடுக்கச் சொன்னார். மச்சாள் பக்கத்தில் போய் ஒன்பது பெயரிலும் பென்சிலால் புள்ளி வைத்தார். மெல்லிய புள்ளிதான்.

விங் கமாண்டர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "இந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணிக்கு எண்பத்தெட்டு வயது," என்றார். "அவர் போனால் இந்த ஒன்பது பேரும் ஏழு நாள் வீட்டில்தான் இருப்பார்கள். நான் கட்டளை போட்டாலும் வரமாட்டார்கள். நானும் போகவேண்டும், என் மனைவிக்கு அவர் அத்தை." பிறகு, "நீங்கள் என்ன வாங்குவீர்கள்?" என்று கேட்டார். மிஸ்டர் பென்ஃபோல்டை அல்ல, மச்சாளை.

"ஒன்பது பேர் போனால் மிச்சம் பதினாறு. பெரிய விமானம் என்றால் மூன்று குழுதான் மிஞ்சும். இரவும் பகலும் ஏழு நாளைக்கு அது காணாது. சின்னது என்றால் ஐந்து குழு மிஞ்சும். தூரம் குறைவு. ஆனால் எந்த நேரமும் ஒன்று நிற்கும்."

கூட்டம் அத்தோடு முடிந்தது. மிஸ்டர் பென்ஃபோல்ட் மச்சாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியின் கடிதம் கையெழுத்தில்லாமல் மேசையிலேயே கிடந்தது. அடுத்தநாளும் கிடந்தது. வெள்ளிக்கிழமையும் கிடந்தது.

சனிக்கிழமை மச்சாள் குசினி நடுவில் நின்று அழுதார். "எந்தத் தீவுக்காரனுக்கோ கணக்குச் சொல்லப்போய் என்ரை அம்மாவை அங்கை விட்டிட்டன், தம்பி." கோலியர்ஸ் வுட்டுக்கு மேலால் விமானம் போனது. கதவைத் திறக்கப் போனவர் பாதி வழியில் நின்றுவிட்டார். அண்ணை எழும்பிப் போய்த் தானே கதவைத் திறந்து பார்த்தார்.

திங்கட்கிழமை அந்த நாட்டிலிருந்து டெலெக்ஸ் வந்தது. சின்ன விமானத்தை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடவேண்டும், செத்தவீட்டைப் பற்றிச் சொன்ன அம்மாவே அதைச் செய்யவேண்டும், அதற்கு மேலதிகமாக ஆறு மாதக் கட்டணம் தருவோம். மிஸ்டர் பென்ஃபோல்ட் நிமிர்ந்து பார்க்காமலே மாமியின் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். அந்த நாடு கடைசியில் சின்னதைத்தான் தெரிந்தெடுத்தது. ஆறு மாதம் முடிந்த அன்றே மச்சாளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அது வேறு கதை, அதற்குள் மாமி வந்துவிட்டார்.

மாமி வந்தது ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கிடையில் பெற்றோல் ஷெட்டுக்கு வந்த இரண்டு மனேஜர்மார் அடுத்தடுத்து ஓடிப்போய், முதலாளி என்னை மனேஜராக்கியிருந்தார். அண்ணையிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். "எடு," என்றார் ஒரே சொல்லில். அவருக்கு அப்போது தபால் பிரிக்கும் வேலை. ஆட்களை எடுக்கும்போது மச்சாள் என் பக்கத்தில் பென்சிலோடு நின்றார். ஒரு கானாக்காரர், ஒரு குஜராத்திப் பெண், ஒரு ஐரிஷ்காரர், எங்கள் ஆட்கள் மூன்றே பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் எல்லாரும் ஹீத்ரோவுக்குப் போனார்கள். நானும் போவதாக இருந்தது. காலையில் ஐரிஷ்காரர் காய்ச்சல் என்று ஃபோன் பண்ணினார். மற்ற இருவரும் அப்போதுதான் ஷிப்ட் முடித்துப் போயிருந்தார்கள். அந்த ஐந்து நிமிட அட்டை கல்லா மேசை லாச்சிக்குள் கிடந்தது. நான் லாச்சியைத் திறக்கவில்லை.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் ஸ்ட்ரெதமுக்கு மேலால் இறங்கிக்கொண்டிருந்தது. மாமி எதில் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் கல்லாவை விட்டு எழும்பிக் கண்ணாடியடிக்குப் போனேன், வந்தேன். மத்தியானம் வாங்கிய சான்ட்விச்சை நின்றபடியே சாப்பிட்டேன். ஒன்றேமுக்காலுக்கு ஃபோன் அடித்தது.

"தம்பி, வந்திட்டா," என்றார் மச்சாள்.

பின்னால் ஒரு முதிய குரல் கேட்டது. "ஆரது? உங்களோடை இருக்கிற பெடியனோ? ஏன் அவன் வரேல்லை?"

"கடையிலை நிக்கிறான் அம்மா. ஒரு ஆள் நிக்கவேணும்."

"மச்சாள்," என்றேன். நாலு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அண்டைக்கு அந்த அட்டையைக் கொழுவினது நான்தான்."

"தெரியும்," என்றார். "அண்ணைக்கும் அண்டைக்கே தெரியும். காலமை ஷிப்ட் உன்ரை எண்டு அட்டவணையிலை எழுதினதே அவர்தானே. வை ஃபோனை, காசு முடியப்போகுது."

நாலாம் பம்பில் ஒருவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பம்பைத் திறந்துவிட்டேன்.